முதலில் மாமியாரிடம் பேசுங்கள்: பெண்கள் ஊர்வலம் நடத்திக் கற்றுக்கொண்டவை

ஊர்வலத்துக்குப் பெண்களைக் கூப்பிடப் போனால் முதலில் அவர்களுடைய மாமியார்களிடம் பேசுங்கள். திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் தின ஊர்வலம், மதுக்கடை முற்றுகை, பாலியல் வன்முறைக்கு எதிரான பேரணி என்று பல வருஷமாக ஆள் திரட்டி வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். மருமகள் நம்மிடம் சரி என்று சொல்லிவிடுவாள். சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுக்கும்போது மாமியார் முகம் சுளித்தால் முடிந்தது, காலையில் "உடம்பு சரியில்லையாமா" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொல்லும். அதே மாமியாரிடம் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருந்தால், "அவ போய்ட்டு வரட்டும், சோறு நான் ஆக்கிக்கறேன்" என்பார். மதுக்கடை விஷயம் என்றால் பாதி வீடுகளில் அவரே கிளம்பி வந்துவிடுவார். குடிக்கிற புருஷனோடு ஒரு ஆயுள் வாழ்ந்து, இப்போது குடிக்கிற மகனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாம் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு திண்ணையில்தான் ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "நீ கூட்டிட்டுப் போயிருவே கண்ணு. ராத்திரி இவன் வந்து அவளை அடிச்சா, நீ வந்து குறுக்கே நிப்பியா?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் இன்னொரு பெண்ணை ரோட்டுக்குக் கூப்பிடும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் ஏற்பாடுகள் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் செய்கிறோம். ரோட்டில் வருகிற எதிர்ப்புக்குச் சட்டம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கூட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கிற எதிர்ப்பின் முன் அந்தப் பெண் தனியாக நிற்கிறாள்.

எங்கள் ஊர் மதுக்கடைப் போராட்டம் நடந்தது 2017-இல். நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்புக் கொடுத்திருந்தது. சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மக்கள்தொகை 20,000-க்குக் குறைவான பகுதிகளுக்கு அதைப் பிறகு 220 மீட்டராகக் குறைத்தார்கள். ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்தில் சாகிறவர்களுக்காக வந்த தீர்ப்பு அது, நல்ல தீர்ப்பு. ஆனால் சாலையில் மூடிய கடைகளுக்கு இடம் தேடி ஊருக்குள் வந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வழி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம், பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிற மேடை என்று எங்கே வாடகைக்குக் கட்டடம் கிடைத்ததோ அங்கே கடை. அந்தக் கோடையில் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. குடம் தூக்கிப் போகிற பாதையில் கடை வந்தால் கூப்பிடவா வேண்டும்?

ஏப்ரல் 11 அன்று பல்லடம் பக்கம் சாமளாபுரத்தில் மறியல் செய்தவர்கள் மேல் தடியடி நடந்தது. அங்கே நின்ற ஒரு பெண்ணைக் காவல் துறையின் கூடுதல் கண்காணிப்பாளர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. எங்கள் ஊரில் அதன் விளைவு இரண்டு விதமாக இருந்தது. சில வீடுகளில் ஆண்கள் ஃபோனை நீட்டி, "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்று கதவைச் சாத்தினார்கள். இன்னும் சில வீடுகளில் அதுவரை எட்டிப் பார்க்காத பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். சாத்திய கதவுகளுக்குத்தான் நாங்கள் மறுபடி மறுபடி போனோம்.

போலீஸ் பற்றிச் சொல்கிறேன். ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் உரிமை. ஆனால் நடைமுறையில் சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவையும், மாவட்டங்களில் 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் 30(2) பிரிவையும் காட்டி அனுமதி கேட்கச் சொல்வார்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தேதி, தொடங்கும் இடம், முடியும் இடம், வழி, நேரம், தோராயமாக எத்தனை பேர், பொறுப்பாளர்கள் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஐந்து நாளாவது முன்னால் கொடுங்கள். நகல் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். "போங்கம்மா, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்ன அனுமதி, ஊர்வலம் தொடங்கும் நேரத்தில் இல்லாமல் போய்விடும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு எழுத்தில் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகலாம். எத்தனையோ பேரணிகள் அப்படித்தான் நடந்திருக்கின்றன.

கைது என்றால் பெரும்பாலும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். முதல் தடவை வருகிற பெண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். வேனில் ஏறியதும் ஜெயில்தான் என்று நினைத்துக் கதறுகிறவர்கள் உண்டு. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. மிக அவசியமான சூழ்நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(5) பிரிவிலும் இருக்கிறது. பெண்ணைச் சோதனை போடப் பெண் போலீஸ்தான் வர வேண்டும். அப்புறம், அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: சாட்சி விசாரணை என்று சொல்லி ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது, அவள் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். ஊர்வலம் முடிந்து ஒரு வாரம் கழித்து "சும்மா விசாரிக்கத்தான், வந்துட்டுப் போங்க" என்று ஃபோன் வரும். அந்த ஃபோனுக்குப் பயந்தே பலர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. எங்கள் பெண்கள் இப்போது, "எழுத்துல அனுப்புங்க சார், வீட்டுக்கு வாங்க, பதில் சொல்றேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஊர்வலத்துக்குள்ளேயே வந்த எதிர்ப்பு.

மதுக்கடைக்கு எதிராக எங்கள் ஊரில் முதலில் குரல் கொடுத்தவர்கள் காலனிப் பெண்கள். கடைக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் தெரு. ஊர்க்காரப் பெண்களும் வரத் தயாராக இருந்தார்கள், அவர்கள் வீட்டிலும் அதே குடி, அதே அடி. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியது கடையைப் பற்றி இல்லை. "அந்தப் பொம்பளைகளோட ஒண்ணா நடந்து போறதா?" என்பதுதான் பேச்சு. கடை இருந்தாலும் பரவாயில்லை, அந்த வரிசையில் நம் வீட்டுப் பெண் நிற்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பெண்ணின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் சாதியைக் காப்பாற்றுவதும் ஒரே வேலைதான் என்பது அன்றைக்கு எங்களில் பலருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

வந்தவர்களிலும் சிக்கல் இருந்தது. வரிசையில் நிற்கச் சொன்னால் ஊர்ப் பெண்கள் முன்னாலும் காலனிப் பெண்கள் பின்னாலும் தானாகப் போய் நிற்பார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கால்களுக்கே தெரியும். ஒரு தோழி சொன்ன யோசனை இதை உடைத்தது. தெருவாரியாக நிற்க வேண்டாம், கம்பெனிவாரியாக நிற்போம் என்றார். ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், ஒரே வேனில் இடித்துக்கொண்டு வருகிறவர்கள், நூறு நாள் வேலையில் ஒரே இடத்தில் மண் வெட்டுகிறவர்கள் சேர்ந்து நிற்கட்டும் என்றார். வேலை செய்கிற இடத்தில் ஏற்கெனவே இருந்த பழக்கம் ரோட்டிலும் வந்தது. தண்ணீர்க் கேன் ஒன்றுதான், டம்ளர் ஒன்றுதான், யார் கையிலிருந்தும் யாரும் வாங்கிக் குடிக்கலாம். பேப்பர் கப் வாங்கலாமே என்று ஒருவர் சொன்னபோது வேண்டாம் என்றோம். அந்த டம்ளருக்காக நின்றுபோனவர்கள் உண்டு. அவர்களுக்காக விட்டுக்கொடுத்திருந்தால் கூட்டம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும், ஆனால் முதலில் குரல் கொடுத்தவர்களை இழந்திருப்போம்.

உதவி என்ற பெயரில் வருகிற எதிர்ப்பும் உண்டு. கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லாக் கட்சி ஆண்களும் வெள்ளை வேட்டியில் வந்து நிற்பார்கள். "நீங்க உக்காருங்கம்மா, நாங்க பேசி முடிச்சுத் தர்றோம்" என்பார்கள். பேச்சுவார்த்தை உள்ளே நடக்கும், பெண்கள் வெயிலில் இருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஒரு மாதம் டைம் கேட்கிறார்கள், கலைந்து போகலாம் என்று அறிவிப்பார்கள். ஆதரவுக்கு நன்றி சொல்லுங்கள், மைக்கைக் கொடுக்காதீர்கள். வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ பேச அழைத்தால் குறைந்தது மூன்று பெண்களாவது உள்ளே போக வேண்டும், அதில் ஒருவர் பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரு மாதம் என்றால் எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தத் தாளை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கூட்டம் எழுந்திருக்க வேண்டும்.

நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பிய பெண்களை இந்த இடத்தில் எப்போதும் நினைத்துக்கொள்வேன். எழுத்தறிவு வகுப்புக்கு வந்த கூலிப் பெண்கள், பாடப் புத்தகத்தில் தங்கள் வாழ்க்கையைப் படித்துவிட்டு ஊர்ச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். 1992-இல் மாவட்டம் முழுக்கச் சாராய ஏலம் நடக்கவிடாமல் தடுத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அங்கேயும் பேச்சை ஆண்களிடம் விட்டிருந்தால் ஏலம் வேறு தேதிக்குத் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

காசு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் வரும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக ஷாகீன் பாக்கில் டெல்லிக் குளிரில் நூறு நாள் உட்கார்ந்த பாட்டிமார்களையே, நாளுக்கு 500 ரூபாய்க்கு வந்தவர்கள் என்று வீடியோ போட்டுப் பரப்பினார்கள். அதே சட்டத்துக்கு எதிராக 2020 பிப்ரவரியில் சென்னை வண்ணாரப்பேட்டையில் தடியடிக்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்த பெண்களைப் பற்றியும் கேவலமாகப் பேசினார்கள். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பதில் ஒரு நோட்டு. வேன் வாடகை, பேனர், தண்ணீர், மைக் செட் என்று ஒவ்வொரு செலவும், யார் பத்து ரூபாய் கொடுத்தார் என்பதும் அதில் இருக்கும். ஊர்வலம் முடிந்த மறுநாள் கடைத்தெருவில் ஒட்டிவிடுவோம். பேச்சு நின்றுவிடாது. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டில் ஒருவர் கேட்டால், காட்ட ஒரு தாள் இருக்கும்.

2019-இல் பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களைப் பாலியல் வன்முறை செய்து வீடியோ எடுத்து மிரட்டிய விஷயம் வெளியே வந்தபோது நாங்கள் நடத்திய ஊர்வலம் முற்றிலும் வேறு மாதிரி இருந்தது. மதுக்கடைக்கு எதிராகப் பெண்களை அனுப்பிய அதே வீடுகள், இதற்குப் பெண் பிள்ளைகளை அனுப்ப மறுத்தன. புகார் கொடுத்த பெண்ணின் அண்ணன் தாக்கப்பட்டிருந்தார். அந்தப் பெண்ணின் பெயர் போலீஸ் பேட்டியில் வந்தது, அரசாணையிலேயே வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் சொல்லும்போதே இது நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்பாக்களின் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் பெண்களை நோக்கித்தான் திரும்பியது. ஃபோனைப் பிடுங்கினார்கள். காலேஜை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்த்த வீடுகளும் இருந்தன. "அவளுக ஏன் போனாளுக?" என்ற கேள்வி டீக்கடையில் மட்டும் இல்லை, சமையலறையிலும் என் காதில் விழுந்தது.

பாலியல் வன்முறைக்கு எதிரான ஊர்வலம் நடத்துகிறவர்களுக்கு என் கோரிக்கைகள் சில. பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், காலேஜ், சாதி எதுவும் தட்டியில் இருக்கக் கூடாது. "எங்கள் மகளுக்கு" என்று எழுதுவதுகூட அக்கம்பக்கத்தில் யாரையாவது கைகாட்டும். வீடியோ வேண்டாம் என்று கல்லூரிப் பெண்கள் கேட்டால், பத்திரிகைக்காரர்களிடம் முன்பே பேசி, முதல் வரிசையில் முகம் காட்டச் சம்மதித்த மூத்த பெண்களை நிறுத்துங்கள். ஊர்வலத்தன்று யாராவது ஒருத்தி உங்கள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, தனக்கு நடந்ததைச் சொல்வாள். கட்டாயம் நடக்கும். அந்த நேரத்தில் அவளோடு உட்காரவென்றே, கோஷம் போடாத, மைக் பிடிக்காத ஒருவரை ஒதுக்கி வையுங்கள். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆறு வருஷம். அதுவரை பின்வாங்காமல் நின்ற பெண்களுக்கு, ஊர்வலம் நடந்த ஒரு நாள் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

நேரம், கழிப்பறை, குழந்தைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் கூப்பிட்டால் யாரும் வர முடியாது. சம்பளம் சனிக்கிழமை, அந்த ராத்திரிதான் அடியும் அதிகம், அதனால் ஞாயிறு காலையில் கோபமும் நேரமும் இருக்கும். வழியில் இரண்டு இடத்திலாவது கழிப்பறைக்கு ஏற்பாடு இல்லாமல் பாதையை முடிவு செய்யாதீர்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுவது அதனால்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போராட வருவதைப் பார்த்துச் சிலர் இப்போதும் குறை சொல்கிறார்கள். 1938 நவம்பரில் சென்னையில் இந்தி எதிர்ப்பு மறியலில் பெண்கள் கைக்குழந்தைகளோடு ஜெயிலுக்கே போனார்கள். நம் ஊரில் இது புதிது இல்லை.

மறுபடி அந்தப் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். ஊர்வலத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதே தெருவில் ஒரு துணையைப் பெயர் சொல்லி ஒப்படைக்கிறோம். அன்று ராத்திரி ஒன்பது மணிவாக்கில் அந்தத் துணை போய்க் கதவைத் தட்டி, கொஞ்சம் காப்பித்தூள் கேட்பார். வீட்டில் சத்தம் இருந்தால் அவர் எழுந்து போக மாட்டார், இன்னும் இரண்டு பேருக்குத் தகவல் சொல்வார். அடி விழுந்துவிட்டால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் மனு கொடுத்தால் அந்தப் பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்க முடியும். தங்க இடம் வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த சேவை மையம். இந்த விவரத்தைத் துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் புருஷன் கையில் சிக்கும், அதனால் துணைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் இப்படிப் போய் வருவோம். ஆண்களுக்குச் சீக்கிரமே விஷயம் புரிந்துவிடும். புரியட்டும். தன் வீட்டுக் கதவை யாரோ தட்டுவார்கள் என்று தெரிந்ததும் கை ஓங்காமல் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கடை கடைசியில் வேறு இடத்துக்குப் போனது. கொஞ்ச நாளில், திருட்டுத்தனமாகச் சரக்கு விற்கிற ஒரு சந்துக்கடை முளைத்தது. நடத்துகிறவள் எங்களோடு அதே வரிசையில் நடந்த ஒருத்தி. புருஷன் செத்துவிட்டான், இரண்டு பிள்ளைகள், குழுக்கடன் பாக்கி. பெட்டி பெட்டியாகச் சரக்கைக் கொண்டு வந்து இறக்குகிறவன் வேறு ஆள், அவனுக்குத்தான் லாபம். அவள் வாசலுக்கு ஊர்வலம் போக வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் பேசிப் பார்த்தோம், கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. முடிவில், அவளுக்கு ஒரு கம்பெனியில் கைமடிக்கிற வேலை பார்த்துக் கொடுப்பது, கடன் தவணைக்குக் குழு இரண்டு மாதம் பொறுப்பது, சரக்கு இறக்குகிறவன் மேல் மட்டும் புகார் கொடுப்பது என்று ஆனது. அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். அவன் இன்னும் வெளியில்தான் திரிகிறான். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மறுபடி மனு கொடுத்திருக்கிறோம், நகலில் முத்திரை வாங்கியாயிற்று.